ஒரே கிட்டார், பல பாணிகள்: வாசகர் கேள்வி – பதில்

எல்லா வகை இசைக்கும் ஒத்துவரக்கூடிய எலெக்ட்ரிக் கிட்டார் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். புதிதாக வாங்கப் போகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், கையில் இருப்பதையே திருத்திக்கொள்ள நினைப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குழு ஒரே மேடையில் ஃபங்க், ப்ளூஸ், கன்ட்ரி, ஹார்ட் ராக் எல்லாம் வாசிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாற்ற வசதியில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சுவிட்சுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இருபது விதமான ஒலி தரும் என்று விற்கப்படும் கிட்டாரிலும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குப் பிரிந்து தெரிவது நாலைந்துதான். அந்த நாலைந்தும் குறையில்லாமல் இருக்கின்றனவா, பாட்டின் நடுவில் ஒரே கையசைவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிகிறதா, அப்படிப் போகும்போது சத்தம் திடீரென்று கூடாமலும் குறையாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். பல பாணி வாசிப்பவர்கள் ஒரு கிட்டாரில் மதிப்பது இவற்றைத்தான்.

நீங்கள் சொன்ன பாணிகளுக்கு அடிப்படையாக மூன்று ஒலிகள் வேண்டும். ஃபங்க், கன்ட்ரி ரிதத்துக்குத் தெளிவான, கணீரென்ற கிளீன் ஒலி வேண்டும். அது சிங்கிள் காயிலின் இயல்பு, அதாவது ஒரே கம்பிச்சுருள் (காயில்) கொண்ட பிக்கப்பின் இயல்பு. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தப் பாகமே பிக்கப். ப்ளூஸுக்கும் நிதானமான சோலோவுக்கும் நெக் பிக்கப்பின் உருண்டு வரும் ஒலி. ஹார்ட் ராக்குக்கு, கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்தில் ஒரு ஹம்பக்கர், அதாவது இரைச்சல் நீங்கும்படி இரண்டு காயில்களைச் சேர்த்த பிக்கப். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவை) ஏற்றினாலும் இரைச்சல் மேலே எழாது. இம்மூன்றையும் சுற்றிவளைக்காமல் தருவது எச்.எஸ்.எஸ். அமைப்பு. அதாவது பிரிட்ஜில் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில், ஐந்து நிலை சுவிட்ச். உங்கள் பட்டியலுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. ஹார்ட் ராக் ஒன்றிரண்டு பாட்டுதான் என்றால், இரண்டே பிக்கப்பும் மூன்று நிலை சுவிட்சும் கொண்ட டெலிகாஸ்டர் வகையை ஒதுக்கிவிடாதீர்கள். டோன் கண்ட்ரோலைப் பயன்படுத்தத் தெரிந்தவர் கையில் அது ஜாஸ் வரைக்கும் போகும்.

இரு பிக்கப் சேர்ந்த நிலைகளை வாசிப்பவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரே சாட்சி. 1954இல் அது மூன்று நிலை சுவிட்சோடுதான் வந்தது. சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி இரு பிக்கப்பின் ஒலியையும் சேர்த்து எடுக்கும் வழியை வாசிப்பவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலை சுவிட்சை நிறுவனமே பொருத்தித் தரத் தொடங்கியது 1977இல்.

கடையில் பார்க்கும்போது முதலில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டாம். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தி வாசித்து, எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். மேல் சுருதிக் கம்பிகள் இரண்டிலும் 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 17 வரை ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்யுங்கள், அதாவது கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுங்கள். பாதியில் ஒலி அடைத்துப்போனால் ஃப்ரெட் மட்டமாக இல்லை அல்லது ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. பிறகு ஆம்பில் கிளீன் ஒலியை வைத்து ஐந்து நிலைகளையும் மாற்றிப் பாருங்கள். வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் அதையே செய்யுங்கள். டிஸ்டார்ஷனைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் அது பல குறைகளை மூடிவிடும்.

கேள்வி: என் கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர்கள். காயில் ஸ்பிலிட் சுவிட்சை இழுத்தால் சிங்கிள் காயில் ஒலி வரும் என்றார்கள். வருவதோ மெலிந்துபோன ஒலி. சத்தமும் சட்டென்று குறைகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. ஸ்பிலிட் என்றால் ஹம்பக்கரின் இரண்டு காயில்களில் ஒன்றை எர்த்தோடு சேர்த்து முடக்குவது. 8 கிலோஓம் ஹம்பக்கரில் மிஞ்சுவது சுமார் 4 கிலோஓம் உள்ள ஒரே காயில். தனிச் சிங்கிள் காயிலாகவே செய்யப்பட்ட பிக்கப்பில் சுற்றுகள் இதைவிட அதிகம், காந்தத்தின் அமைப்பும் வேறு. அதனால் பாதி ஹம்பக்கர் ஒருநாளும் ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப் ஆகிவிடாது. இரைச்சலை நீக்கிக்கொண்டிருந்த ஜோடிக் காயிலும் போய்விடுவதால் ஹம் என்னும் ரீங்காரம் திரும்பி வரும்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. முதலாவது, பாதி ஸ்பிலிட். இரண்டு காயில்களும் சேரும் இணைப்பு ஒயரை நேராக எர்த்தில் சேர்க்காமல், நடுவில் 1 முதல் 2.2 கிலோஓம் வரையுள்ள ஒரு ரெசிஸ்டரை வையுங்கள். முடக்கப்பட்ட காயில் அப்போது முழுவதும் செத்துவிடாது. தாழ்ந்த அதிர்வெண்களில் காயிலின் மின்மறுப்பு குறைவு என்பதால், அதன் கீழ்ஸ்தாயிப் பங்கு கொஞ்சம் வெளியே வரும். உயர்ந்த அதிர்வெண்களில் அநேகமாக மறைந்துவிடும். விளைவு, மேலே சிங்கிள் காயிலின் தெளிவும் கீழே கொஞ்சம் சதைப்பிடிப்பும். ஹம்மும் தாழ்ந்த அதிர்வெண்தான் ஆகையால் அதுவும் ஓரளவு அடங்கும். ரெசிஸ்டர் மதிப்பைக் கூட்டினால் ஹம்பக்கர் பக்கம் நகரும், குறைத்தால் சிங்கிள் பக்கம். 1/4 வாட் ரெசிஸ்டர் போதும்.

இரண்டாவது, பேரலல் இணைப்பு. இரண்டு காயில்களும் வேலை செய்யும், ஆனால் வரிசையாக இல்லாமல் பக்கம்பக்கமாக. ஒலி பளிச்சென்று இருக்கும், ஹம் வராது. சத்தம் மட்டும் வழக்கமான இணைப்பைவிடத் தெளிவாகவே குறையும். மேடையில் கிளீன் ரிதம் வாசிப்பவர்களுக்கு ஸ்பிலிட்டைவிட இதுவே பயன்படும் என்பது எங்கள் கருத்து. இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் புஷ்-புல் கண்ட்ரோல் ஒன்றின் ஆறு முனைகளில் இதைச் செய்துவிடலாம்.

இரண்டுக்குமே ஒரு நிபந்தனை உண்டு. பிக்கப்பிலிருந்து நான்கு ஒயர்களும் தனியாக ஒரு எர்த் ஒயரும் வெளியே வர வேண்டும். உலோகப் பின்னல் போர்த்திய ஒற்றை ஒயர் கொண்ட பழைய வகையென்றால் பிக்கப்பைத் திறக்காமல் எதுவும் செய்ய முடியாது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. பழக்கமில்லாதவர்கள் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: எச்.எஸ்.எஸ். கிட்டாரில் இரண்டாம் நிலையில், அதாவது பிரிட்ஜும் நடுவும் சேரும்போது, ஹம் வருகிறது. நான்காம் நிலையில் வருவதில்லை. ஏன்?

பதில்: நடுப் பிக்கப்பை மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைப்பது இன்று வழக்கம். நெக்கும் நடுவும் சேரும்போது ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, கம்பியின் ஒலியோ சேர்ந்து கூடுகிறது. உங்கள் நான்காம் நிலை அமைதியாக இருப்பது இதனால்தான். இரண்டாம் நிலையில் சுவிட்ச் ஹம்பக்கரைத் தானாக ஸ்பிலிட் செய்யும்படி ஒயரிங் இருந்தால், எந்தக் காயில் உயிரோடு நிற்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். நடுப் பிக்கப்புக்கு எதிர்ச்சுற்று உள்ள காயில் நின்றால் ஹம் இல்லை, ஒரே சுற்று உள்ளது நின்றால் ஹம் உண்டு.

முதலில், நிற்பது எந்தக் காயில் என்று பாருங்கள். ஆம்பின் சத்தத்தைக் குறைத்து வைத்து, சுவிட்சை இரண்டாம் நிலைக்குத் தள்ளி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஹம்பக்கரின் இரு வரிசைத் துருவங்களையும் மெல்லத் தட்டுங்கள். ‘டக்’கென்று பலமாகக் கேட்கும் வரிசைதான் நிற்கும் காயில்.

அடுத்தது ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் ஒலி அலைகளும் ஒரே திசையில் சேர்கின்றனவா என்பது. இரண்டாம் நிலையில் பேஸ் (கீழ்ஸ்தாயி) காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல் ஒலித்தால் இரண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஹம்பக்கரின் சிக்னல் முனையையும் எர்த் முனையையும் இடம் மாற்றுங்கள். தனி எர்த் ஒயரை மட்டும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஃபேஸ் சரியான பிறகும் ஹம் இருந்தால், இணைப்பு ஒயரை எர்த்தோடு சேர்ப்பதற்குப் பதிலாக சிக்னலோடு சேருங்கள். அப்போது முன்பு நின்ற காயில் முடங்கி மற்றது உயிர்பெறும். ஒரு ஹம்பக்கரின் இரு காயில்களில் சுற்றும் காந்தமும் சேர்ந்தே எதிராக இருப்பதால், காயிலை மாற்றினாலும் கம்பியின் ஃபேஸ் கெடாது, ஹம்மின் திசை மட்டும் மாறும். அதனால்தான் ஃபேஸை முதலில், காயிலைப் பிறகு என்று வரிசை சொல்கிறோம். 

கேள்வி: அதே எச்.எஸ்.எஸ். அமைப்பில் ஹம்பக்கர் நன்றாக இருக்கிறது; சிங்கிள் காயில்கள் காதைக் குத்துகின்றன. பிக்கப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன் வால்யூம் கண்ட்ரோலின் மதிப்பைப் பாருங்கள். அடியில் 500கே (500 கிலோஓம்) என்று அச்சிட்டிருந்தால் காரணம் அநேகமாக அதுதான். கண்ட்ரோல் எப்போதும் பிக்கப்புக்குக் குறுக்கே ஒரு சுமையாக நிற்கிறது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் சில கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒத்ததிர்வு உச்சம் உண்டு. சுமை குறைந்த ஓம் என்றால் அந்த உச்சம் தணியும், அதிக ஓம் என்றால் எழும்பி நிற்கும். அதனால்தான் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓமும், கொஞ்சம் மங்கலான ஹம்பக்கருக்கு 500 கிலோஓமும் வழக்கமாயின. இரண்டும் ஒரே கிட்டாரில் இருந்தால் எதை வைத்தாலும் ஒன்றுக்குப் பாதகம்.

வழி இருக்கிறது. 500 கிலோஓம் கண்ட்ரோலை அப்படியே விட்டுவிட்டு, சிங்கிள் காயில் நிலைகளில் மட்டும் அதற்குக் குறுக்கே 470 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று சேரும்படி செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 242 கிலோஓம் ஆகும். வழக்கமான ஐந்து நிலை சுவிட்சில் இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் கிட்டாரில் டோன் கண்ட்ரோல் எல்லாப் பிக்கப்புக்கும் பொதுவானது என்றால் இரண்டாம் பகுதி காலியாக இருக்கும். அதன் பொது முனையை வால்யூமின் உள்ளீட்டு முனையோடு சேருங்கள். நடு, நெக் ஆகிய இரு முனைகளையும் ஒன்றாகப் பிணைத்து, அங்கிருந்து 470 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொண்டுபோங்கள். பிரிட்ஜ் முனையை வெறுமையாக விடுங்கள். ஹம்பக்கர் தனியாக ஒலிக்கும் முதல் நிலையில் 500, மற்ற நான்கிலும் 242. ரெசிஸ்டரின் கால்களுக்கு ரப்பர் உறை போடுங்கள். சுவிட்ச் அசையும்போது அது வேறெதையாவது தொட்டால் ஒலி மொத்தமாக நின்றுபோகும்.

கேள்வி: வால்யூமைக் குறைத்தால் சத்தத்தோடு தெளிவும் போய்விடுகிறது. கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது.

பதில்: இதைச் சரிசெய்தால் உங்கள் கிட்டாருக்கு இன்னொரு பிக்கப் சேர்த்த பலன் கிடைக்கும். ஆம்பை ஓவர்டிரைவில் வைத்து, 10இல் சோலோ, 7இல் கரகரப்பான ரிதம், 4இல் கிளீன் என்று ஒரே திருகில் மூன்றையும் எடுப்பவர்கள் எத்தனையோ பேர். பெடலை மிதிப்பதைவிட வேகமானது அது. வால்யூமைக் குறைக்கும்போது ஒலி மங்கினால் அந்த வித்தையே நடக்காது.

காரணம் கேபிள். ஒரு மீட்டர் கிட்டார் கேபிளில் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு, 6 மீட்டருக்கு 600. வால்யூம் 10இல் இருக்கும்போது இது பெரிதாக உறுத்தாது. குறைக்கும்போது கண்ட்ரோலின் ஓம் கேபிளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. 500 கிலோஓம் கண்ட்ரோல் மின்தடைப்படி சரிபாதியில் இருக்கையில், வெளியே தெரியும் மின்தடை 125 கிலோஓம். அதோடு 600 பிகோஃபாரட் சேர்ந்தால் சுமார் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் சரியத் தொடங்கும். 250 கிலோஓமில் அதே எல்லை சுமார் 4 கிலோஹெர்ட்ஸ். ஹம்பக்கர் கிட்டார்களில் இந்தப் புகார் அதிகம் வருவது இதனால்தான்.

ட்ரெபிள் பிளீட் என்னும் சிறு இணைப்பைப் போடுங்கள். 680 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் 150 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் பக்கம்பக்கமாக முறுக்கி, வால்யூம் கண்ட்ரோலின் உள்ளீட்டு முனைக்கும் நடு முனைக்கும் இடையில் சால்டர் வையுங்கள். கெப்பாசிட்டரை மட்டும் போட்டு ரெசிஸ்டரை விட்டுவிட்டால் எதிர்க்குறை வரும்: வால்யூம் குறையக் குறைய பேஸ் மட்டும் போய், ஒலி தகரம் போலாகும். ரெசிஸ்டர் சேர்த்தால் கண்ட்ரோல் குறையும் வேகம் சற்று மாறும். ஒரு வாரத்தில் விரல் பழகிக்கொள்ளும். சால்டரிங் வேண்டாம் என்றால் கேபிளை 3 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். பாதி வியாதி அதிலேயே தீரும்.

கேள்வி: டிரெமலோ உள்ள கிட்டார் வேண்டுமா, நிலையான பிரிட்ஜ் போதுமா? இடையில் டிராப் டி-க்கு மாற வேண்டியிருக்கிறது.

பதில்: இடையில் சுருதி மாற்றுபவருக்கு மிதக்கும் டிரெமலோ (கைப்பிடியால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் அமைப்பு) ஒத்துவராது. மிதக்கும் பிரிட்ஜில் ஆறு கம்பிகளின் இழுவையும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவையும் சமமாக நிற்கின்றன. தடித்த இ கம்பியை டி-க்கு இறக்கினால் முன்பக்க இழுவை குறைகிறது. ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னுக்கு இழுக்க, மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிடும். ஒரு கம்பி அறுந்தாலும் இதே கதை, பாட்டை முடிக்க முடியாது. இரட்டைக் கம்பி பெண்டுகளிலும் தொல்லை உண்டு. ஒன்றை வளைக்கும்போது பிரிட்ஜ் லேசாக முன்னே சாய்ந்து, அசையாமல் பிடித்திருக்கும் மற்றதன் சுருதி இறங்கும். கன்ட்ரி வாசிப்பவர்களுக்கு இது உடனே காதில் படும்.

இதற்காக டிரெமலோவையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆறு ஸ்க்ரூ அல்லது இரண்டு ஸ்க்ரூ வகை பிரிட்ஜை பாடியின் மேல் படியும்படி வைத்துக்கொள்ளலாம். சரியான சுருதியில் வைத்து, பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கால் சுற்றாக மாறிமாறி இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சுருதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பிரிட்ஜ் தட்டு மரத்தில் படிந்ததும் இன்னும் அரைச் சுற்று இறுக்கி, சோலோவுக்குச் செய்யும் பெரிய பெண்ட் ஒன்றைச் செய்து பாருங்கள். தட்டு எழும்பாவிட்டால் போதும். மூன்று ஸ்பிரிங்கில் நடக்காவிட்டால் நான்காவதைச் சேருங்கள். கைப்பிடியைக் கீழே அழுத்தும் வேலை முழுதும் கிடைக்கும், மேலே இழுப்பது மட்டும் கிடையாது. பலருக்கு அது ஒரு இழப்பே அல்ல.

டிரெமலோ பயன்படுத்திய பிறகு சுருதி விலகினால் முதலில் நட்டைச் சந்தேகப்படுங்கள். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை அது. கம்பியை முறுக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் கம்பி அதன் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது என்று பொருள். மென்மையான பென்சில் தூளைப் பள்ளத்தில் தடவினால் தற்காலிகமாகத் தீரும். நிரந்தரத் தீர்வு, கம்பியின் தடிமனுக்கேற்ற அரத்தால் பள்ளத்தைச் சற்று அகலமாக்குவது. ஆழமாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: 22 ஃப்ரெட்டா 24 ஃப்ரெட்டா?

பதில்: 24ஆம் ஃப்ரெட்டில் வாசிக்கும் பகுதி உங்களிடம் நிஜமாகவே இருந்தால் 24. இல்லையென்றால் 22. கூடுதல் இரண்டு ஃப்ரெட்டுக்கு இடம் தர நெக் பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர வேண்டியிருக்கிறது, அதனால் அதன் உருண்டை ஒலி ஒரு படி குறையும். ப்ளூஸும் ஜாஸும் அதிகம் வாசிப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

கேள்வி: ஒரே நெக்கில் கார்டு பிடிக்கவும் வசதியாக இருக்க வேண்டும், சோலோவுக்கும் வேண்டும். ஸ்கேல், ரேடியஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பதில்: ஸ்கேல் என்பது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே ஒலிக்கும் கம்பியின் நீளம். ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் 648 மில்லிமீட்டர், லெஸ் பால் வகையில் சுமார் 628. ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். குட்டை ஸ்கேலில் சுமார் 6 விழுக்காடு குறைவு. பெண்ட் எளிதாகும், சுருதியை இறக்கினால் தடித்த கம்பி தொய்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் 635 மில்லிமீட்டர் ஸ்கேலும் கிடைக்கிறது. பல பாணி வாசிப்பவர்களுக்கு அது நல்ல சமரசம்.

ரேடியஸ் இன்னும் முக்கியம். ஃப்ரெட்போர்டு குறுக்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதன் அளவு அது. 7.25 அங்குலம் என்றால் வளைவு அதிகம். முதல் சில ஃப்ரெட்டுகளில் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்டு) பிடிக்கச் சுகமானது. ஆனால் ஆக்‌ஷனைத் தாழ்த்தி வைத்து மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்தால், கம்பி வளைவின் மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டை உரசி நின்றுவிடும். 12 அங்குலத்தில் அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. 9.5 அங்குலம் இடைப்பட்டது, பெரும்பாலானோருக்கு அதுவே போதும். நட்டுப் பக்கம் 10 அங்குலத்தில் தொடங்கி கடைசியில் 16 ஆக விரியும் காம்பவுண்ட் ரேடியஸ் கிடைத்தால், கேட்ட இரண்டும் ஒன்றிலேயே நிறைவேறும்.

கம்பி 10–46 செட்டிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே அந்த எண்கள். 9–42க்கோ 11–49க்கோ மாறினால் நெக்கின் வளைவு, டிரெமலோ ஸ்பிரிங், இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது) மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: எல்லாப் பாணிக்கும் பொதுவாக ஒரு செட்டப் அளவு சொல்ல முடியுமா?

பதில்: தொடங்குவதற்கான அளவுகள் சொல்கிறோம்; 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ், 10–46 கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் முதலாவது மாறினால் அடுத்தவை எல்லாம் மாறும்.

நெக் வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராடை இறுக்க வேண்டும், குறைவாக இருந்தால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முறுக்க மறுத்தால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

ஆக்‌ஷன்: 12ஆம் ஃப்ரெட்டில் மெல்லிய இ கம்பிக்கு 1.6 மில்லிமீட்டர், தடித்ததற்கு 1.6 முதல் 2 வரை. ஃபங்க் ரிதம் அடித்து வாசிப்பவர்கள் 2 பக்கம் போகலாம்.

பிக்கப் உயரம்: இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், ஒலியை அதிகம் மாற்றுவதும் இதுதான். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி அளக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. இதைவிட நெருங்கினால் துருவக் காந்தங்கள் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியின் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரண்டு சுருதியில் அலைவதுபோல் கேட்கும், இன்டோனேஷனை எத்தனை தடவை சரிசெய்தாலும் நிற்காது. அப்போது நெக் பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள், உடனே தெளியும். எச்.எஸ்.எஸ். கிட்டாரில் முதலில் நெக் சிங்கிளுக்குச் சரியான இடம் கண்டுபிடித்து, அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஹம்பக்கரை இறக்குங்கள். சிங்கிளை ஏற்றிச் சமன் செய்யப் போனால் மறுபடி காந்த இழுவையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியில் இன்டோனேஷன்: 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்தின் ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியைவிட) ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டை) பின்னே நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம் கொண்டு வாருங்கள். புதுக் கம்பியில்தான் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: பாடியின் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டினேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் ஹம் அப்படியே இருக்கிறது.

பதில்: தகடு தடுப்பது மின்புலத்தால் வரும் ‘ஸ்ஸ்’ என்ற கூச்சலை. டிரான்ஸ்பார்மர்களிலிருந்து வரும் ஹம் காந்தப்புலம். மெல்லிய செம்பு அதை நிறுத்தாது. சிங்கிள் காயிலில் அதற்கு மூன்று வழிகள்தான். ஆம்பிலிருந்து தள்ளி நின்று, உடம்பைத் திருப்பி ஹம் குறையும் திசையைக் கண்டுபிடிப்பது. இரண்டாம், நான்காம் நிலைகளைப் பயன்படுத்துவது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு காயில் அடுக்கிய சத்தமில்லாப் பிக்கப்புக்கு மாறுவது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால் எர்த் ஒயரிங்கில் தவறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வாசிக்காதீர்கள். ஹம் போகும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிக்கவே கூடாது. மைக்கில் உதடு படும்போது உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: பியெட்சோ பிரிட்ஜ் போட்டால் அக்கூஸ்டிக் ஒலியும் கிடைக்குமாமே?

பதில்: பியெட்சோ என்பது பிரிட்ஜின் அதிர்வையே மின்சிக்னலாக்கும் பிக்கப். அந்த ஒலி கிடைக்கும், அதைச் சரியான இடத்துக்கு அனுப்பினால். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். பியெட்சோவின் அக்கூஸ்டிக் மினுமினுப்போ அதற்கும் மேலேதான் இருக்கிறது. ஸ்டீரியோ ஜாக் வைத்து, பியெட்சோவைத் தனிக் கேபிளில் டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மேடை மிக்சருக்கு அனுப்புங்கள். உள்ளே ப்ரீஆம்பும் 9 வோல்ட் பாட்டரியும் இருக்கும். ஜாக்கைச் செருகியபடியே விட்டால் பாட்டரி ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரணக் கிட்டார். இருக்கிற பணத்தில் முதலில் எதை மாற்றுவது?

பதில்: முதலில் எதையும் வாங்காதீர்கள். ஃப்ரெட் மட்டம், நட் பள்ளங்கள், மேலே சொன்ன செட்டப் அளவுகள் மூன்றையும் சரிசெய்ய ஒரு நல்ல தொழிலாளியிடம் கொடுங்கள். சுருதியில் நிற்காத கிட்டாரில் எந்தப் பிக்கப்பும் நன்றாக ஒலிக்காது. அடுத்து சுவிட்ச், ஜாக், கண்ட்ரோல்கள். கரகரக்கும் கண்ட்ரோலைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை திருகிப் பாருங்கள், தீராவிட்டால் மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பிக்கப்.

பிக்கப் வாங்கும்போது பிரிட்ஜுக்கு 14, 16 கிலோஓம் என்று எண் பெரிதாக உள்ளதைத் தேடாதீர்கள். கம்பியின் தடிமனும் காந்தமும் வேறானால் அந்த எண்ணை வைத்து சத்தத்தைக் கணிக்கவும் முடியாது. பல பாணி வாசிப்பவருக்கு 8, 9 கிலோஓம் அளவுள்ள மிதமான ஹம்பக்கர் பொருந்தும். வேண்டியபோது பெடலால் அதைக் கொழுக்கவைக்கலாம். அதிக சத்தமுள்ள பிக்கப்பை கிளீன் ஆக்குவது கடினம், பக்கத்திலுள்ள சிங்கிள் காயில்களும் அதன் முன்னால் ஒடுங்கிப்போகும். நான்கு ஒயர் உள்ளதாகவே கேட்டு வாங்குங்கள். ஸ்பிலிட், பேரலல் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும்.